மாப்பிள்ளையின் மூச்சு

முப்பத்தொரு வருடம் நான் பேர்லினில் பார்த்தது படம் அல்ல, வாய். யார் யாரைச் சுட்டார், யார் யாரோடு ஓடிப்போனார் என்பதெல்லாம் எனக்குப் பாதிக்கு மேல் தெரியாது. கதாநாயகனின் மேலுதடும் கீழுதடும் எப்போது ஒட்டுகின்றன, எப்போது பிரிகின்றன, அது தெரியும். ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு மேலாகியும் பழக்கம் போகவில்லை. "நான் கதைக்கேக்கை என்ரை கண்ணைப் பாரும், வாயைப் பாராதையும்" என்று என் கணவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டப்பிங் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் அன்றைக்கு என் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டு, "அன்ரி, வேலையிலை நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?" என்று கேட்டீர்கள். ரோல்ஸ் பொரிக்கிறேன் என்று சொல்லி நான் சமையலறைக்குள் நழுவிவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. அது ஒரு ரோல்ஸ் தின்று முடிப்பதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஆகவே எழுதித் தருகிறேன். இதில் வருகிறவர்கள் எல்லோரும் ஜேர்மனில்தான் பேசினார்கள், ஒருவர் ஆங்கிலத்தில். நான் என் வாய்க்கு வந்த தமிழில் எழுதுகிறேன். அவர்கள் பருத்தித்துறையில் பிறந்தவர்கள் போலத் தெரிந்தால் குற்றம் என்னுடையது.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஒரு பெண் இயக்குநர். டப்பிங் இயக்குநர்களில் அப்போது அவரைவிடப் பெரிய ஆள் இல்லை, அவரைவிடப் பெரிய கோபக்காரியும் இல்லை. பெயரை எழுதினால் அந்தக் கோபம் இப்போதும் தொலைபேசியில் வரும் என்பதால் எழுதவில்லை. என் வேலை, குரல் கொடுக்கும் நடிகருக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் இருந்து, திரையில் அசையும் வாயும் இவர் பேசும் ஜேர்மனும் பொருந்துகின்றனவா என்று சொல்வது. எனக்கு அப்போது ஜேர்மன் அரைகுறை. அதனால்தான் எடுத்தேன் என்று பிற்காலத்தில் சொன்னார். மொழி நன்றாகத் தெரிந்தவர்கள் வசனத்தில் மயங்கிவிடுவார்களாம். எனக்கு மயங்குவதற்கு வழியே இருக்கவில்லை.

இரண்டாம் கிழமை ஒரு காதல் காட்சி. கதாநாயகன் மழையில் நனைந்துகொண்டு, கண் கலங்கி, காதலியிடம் ஏதோ சொல்கிறான். மைக்குக்கு முன்னால் நின்றவர் மன்ஃப்ரெட். நல்ல உயரம், தேன் தடவிய குரல். அவரும் கண் கலங்கி, குரல் உடைந்து, ஒரு நீண்ட வசனத்தைச் சொல்லி முடித்தார். உதடு மூடும் இடத்தில் மூடி, திறக்கும் இடத்தில் திறந்து, அவ்வளவு துல்லியம். நான் கையை உயர்த்தி, "பொருந்துது" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். இயக்குநர் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே போனார். மன்ஃப்ரெட் அந்தக் காதலியிடம் சொன்னது, இன்றைக்கு எங்கள் கன்டீனில் உருளைக்கிழங்கு சூப், சீக்கிரம் போகாவிட்டால் தீர்ந்துவிடும் என்பதுதான்.

எனக்கு அழுகை வந்தது. மன்ஃப்ரெட் வந்து, "கோவியாதையுங்கோ. ஆனா நீங்கள் சொன்னது சரி. சூப் பொருந்தினதுதானே" என்றார். அன்றைக்கு எனக்கும் சேர்த்து அவரே சூப் வாங்கித் தந்தார். நீங்கள் என்று தொடங்கிய அந்த மனிதர் அடுத்த வருடமே என்னோடு உரிமையாக 'நீர்' என்று பேசத் தொடங்கிவிட்டார். நானும் அப்படியே.

இனி மாப்பிள்ளைக்கு வருகிறேன். ஹொலிவூட்டின் பழைய பாணிக் கதாநாயகர்களில் அவர் கடைசித் தலைமுறை. உங்கள் அம்மாமாருக்கு முகம் தெரிந்திருக்கும். இங்கே வெளிநாட்டுப் பெரிய நடிகர் ஒருவருக்கு ஒரே ஜேர்மன் குரல்தான், சாகும்வரை. மாற்றினால் சனம் திரையரங்குக்குக் கடிதம் எழுதும். மன்ஃப்ரெட் தன் இருபத்தைந்தாவது வயதிலிருந்து அந்த நடிகருக்குக் குரல். ஒருநாளும் நேரில் கண்டதில்லை. இது எங்கள் ஆட்கள் போட்டோ பார்த்துக் கட்டிக்கொள்ளும் கல்யாணம் மாதிரி என்று நான் விளக்கியபோது மன்ஃப்ரெட்டுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஸ்டூடியோவில் அந்த நடிகருக்கு மாப்பிள்ளை என்று பெயர். ஜேர்மன்காரர்கள் அதைச் சொல்லக் கேட்க வேண்டும்.

கல்யாணம் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் தொழிலில் வசனத்துக்கு மட்டுமல்ல, மூச்சுக்கும் குரல் கொடுக்க வேண்டும். அவர் ஓடினால் இவர் மைக்குக்கு முன்னால் நின்றபடி மூச்சிளைக்க வேண்டும். அவர் சுடுபட்டால் இவருக்கு மூச்சு நிற்க வேண்டும். வசனத்தாளில் அதற்கென்றே ஒரு குறி உண்டு, உங்களுக்குத் தெரியும். ஒரு மனிதன் எப்படி மூச்சு விடுகிறான் என்று அவனுடைய மனைவிக்குக்கூட அவ்வளவு தெரியாது. மன்ஃப்ரெட்டுக்குத் தெரிந்திருந்தது.

நான் வேலைக்கு வந்து ஏழெட்டு வருடம் கழித்து மாப்பிள்ளையின் புதுப்படம் ஒன்று வந்தது. முதல் நாள் முதல் காட்சியிலேயே பொருந்தவில்லை. மன்ஃப்ரெட் எத்தனை தடவை சொன்னாலும் உதடு ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். மூட வேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் உதடுகள் முழுதாக மூடவே இல்லை. நான் மிகுந்த தன்னம்பிக்கையோடு, படப் பிரதி பழுது, ஒலியும் படமும் விலகியிருக்கின்றன என்று தாளில் எழுதி, கையெழுத்து வைத்து, பிரதியைத் திருப்பி அனுப்பச் செய்தேன். இரண்டு நாள் வேலை நின்றது. பிரதியில் ஒரு பழுதும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டாவது தடவையும் அனுப்பினேன். இரண்டாவது தடவையும் அதே பதில்.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "பிரதியிலை பிழை இல்லை. ஆளிலை பிழை. உமக்குத் தெரியேல்லையோ?"

எனக்குத் தெரியவில்லை. உதட்டை மட்டும் பார்த்து, உதடு எந்த மனிதனுடைய முகத்தில் இருக்கிறது என்று பார்க்க மறந்திருந்தேன். நாக்கு உலர்ந்து ஒட்டுகிறது, கண் இமை பாரமாக விழுகிறது. ஒரு கதாநாயகன் எங்கள் முன்னால் நாளொன்றுக்கு நூறு தடவை தள்ளாடிக்கொண்டிருக்க, நான் இயந்திரத்தின் மேல் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களைத் தவிர வேறு ஆரும் இப்படி ஒரு பிழை விடமுடியாது.

காரணத்தைப் பத்திரிகைகள் ஒரு வருடம் பிந்தித்தான் எழுதின. சண்டைக் காட்சியில் கூரையிலிருந்து விழுந்து முதுகு போயிருக்கிறது. படப்பிடிப்பு நிற்கக்கூடாது என்று வைத்தியர் ஒருவர் வலிக்குக் குளிசை கொடுத்திருக்கிறார். வலி போனபிறகும் குளிசை போகவில்லை. பிறகு குளிசை போதாமல் ஊசி, ஊசி போதாமல் போதைப்பொடி. ஆனால் எங்களுக்கு அது அப்போதே தெரிந்துவிட்டது. பேர்லினில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்த நாலு பேருக்கு.

இயக்குநர் அந்தப் படத்தைத் திருத்த முடிவு செய்தார். குழறிய வசனத்தை மன்ஃப்ரெட் தெளிவாகப் பேசினார். நான் சொற்களை முன்னும் பின்னும் நகர்த்தி, மூடாத உதட்டுக்கு ஏற்ற எழுத்துகள் தேடிப்பிடித்து, அவர் தடுமாறி நின்ற இடங்களை யோசிக்கிற இடங்களாக்கிவிட்டேன். நல்லாகச் செய்தேன். பெருமை பேசவில்லை, அதுதான் உண்மை. சொந்த நாட்டில் படுத்த படம் இங்கே ஓடியது. விநியோகக் கம்பனி எங்களுக்குக் கேக் அனுப்பியது. நாங்களும் வெட்கமில்லாமல் தின்றோம்.

அடுத்த வருடம் அடுத்த படம். இது இன்னும் மோசம். மூன்றாம் நாள் மன்ஃப்ரெட் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டார்.

"என்னாலை ஏலாது. இந்த மனுசன் விழுந்துகொண்டிருக்கிறார். நான் விழ விழப் பவுடர் பூசிக்கொண்டிருக்கிறன்."

"படம் பார்க்க வாற சனத்துக்கு நோயாளியைக் காட்டச் சொல்லுறீரோ?" என்றார் இயக்குநர்.

"நோயாளியைக் காட்டவேண்டாம். சுகதேகி எண்டு நான் ஏன் பொய்ச்சாட்சி சொல்லவேணும்?"

அந்தப் படத்தில் ஒரு துறைமுகக் காட்சி உண்டு. மாப்பிள்ளை கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஏதோ சொல்ல வேண்டும், சொல்லவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடி அப்படியே நிற்கிறார். வசனம் மறந்துவிட்டது என்பது எங்களுக்குப் பார்த்தவுடன் விளங்கியது. படம் வெட்டியவர் பாதி நேரம் அவருடைய முதுகைக் காட்டிச் சமாளித்திருந்தார். முதுகு காட்டினால் எங்களுக்குக் கொண்டாட்டம், எந்த வசனத்தையும் திணிக்கலாம். விநியோகக் கம்பனியும் ஓர் அழகான வசனம் எழுதி அனுப்பியிருந்தது. மன்ஃப்ரெட் அதைப் பேச மறுத்துவிட்டார். இயக்குநர் கத்தினார். இவர் அசையவில்லை. கடைசியில், "ஒண்டு செய்யிறன், பிடிக்காட்டி எறியுங்கோ" என்று மைக்குக்குக் கிட்டப் போய், திரையைப் பார்த்தபடி ஒரே ஒரு மூச்சு விட்டார். தண்ணீருக்குள் இருந்து மேலே வந்தவர் விடுவதுபோன்ற மூச்சு.

இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன். வசனத்தாளில் அந்த இடத்தில், மூச்சு ஒன்று என்று மட்டும் எழுதினேன்.

படம் வந்தபோது ஒரு பத்திரிகை, அந்த நடிகர் வார்த்தையே இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அந்த இடத்தைப் பாராட்டி எழுதியது. மன்ஃப்ரெட் அதை வாசித்துவிட்டு, பத்திரிகையை நாலாக மடித்து, ஆடும் மேசைக் காலுக்கு அடியில் வைத்தார்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை ஒரேயடியாக விழுந்தார். பொலிஸ், நீதிமன்றம், சிகிச்சை நிலையம், மறுபடி பொலிஸ். மனைவி போனார், வீடு போனது. எந்தக் காப்புறுதிக் கம்பனியும் பொறுப்பேற்காததால் எந்தப் படக் கம்பனியும் கூப்பிடவில்லை. அவரோடு மன்ஃப்ரெட்டும் விழுந்தார். இவர் ஒரு குளிசைகூடப் போட்டதில்லை, பியரே ஒன்றுக்கு மேல் குடிக்கமாட்டார். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் சனத்துக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. வேறு நடிகருக்கு வைத்துப் பார்த்தார்கள், ஏலவில்லை. விளம்பரக்காரர்கள், போதைக்காரர் பால் விற்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள்.

ஆனாலும் மனிதர் சோர்ந்து படுக்கவில்லை. கிடைத்ததையெல்லாம் பேசினார். பாண் ரொட்டிக்கென்றே இருந்த அருங்காட்சியகம் ஒன்றில் காதில் மாட்டும் வழிகாட்டிக்குக் கோதுமையின் கதையைப் பேசினார். வரிப் படிவம் நிரப்பும் கணினிப் பயிற்சிக்குப் பேசினார். ஒருநாள் நானும் கணவரும் அலுமாரி பார்க்கத் தளபாடக் கடைக்குப் போனோம். லிஃப்டில் தேன் தடவிய குரலொன்று, மூன்றாம் மாடி, படுக்கையறைப் பொருட்கள் என்றது. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இஞ்சை பாரும், உம்மடை மாப்பிள்ளை எங்களைப் படுக்கச் சொல்லுறார்" என்றார். நான் மன்ஃப்ரெட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "நாலாம் மாடியையும் கேட்டனீரோ? குளியலறை. அதிலை கொஞ்சம் நடிச்சிருக்கிறன்" என்றார்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவரை விடவில்லை. சந்திக்கும்போதெல்லாம் கேட்பார். "நாங்கள் அந்த முதல் படத்தை அவ்வளவு வடிவாத் திருத்தாமல் விட்டிருந்தால், அது இஞ்சை ஓடியிராது. ஓடாட்டி அந்த ரெண்டாவது படத்தை அவருக்குக் குடுத்திருக்க மாட்டினம். அப்ப ஆராவது முந்தியே பிடிச்சு ஆஸ்பத்திரியிலை போட்டிருப்பினமோ?" கேக் தின்றவர்களில் நானும் ஒருத்தி என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து மாதம் இருக்கும்போது அந்தப் படம் வந்தது. சின்னப் படம். சைக்கிள் திருத்தும் கிழவர் ஒருவர், கோபித்துக்கொண்டு போன மகள் திரும்பி வருகிறாள், அவ்வளவுதான் கதை. கிழவராக நடித்தவர் எங்கள் மாப்பிள்ளை. தலை முழுக்க நரை, முகத்தில் வரிகள். எனக்குப் பார்த்தவுடன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் விநியோகக் கம்பனிக்குப் பழைய சங்கதி வேண்டாமாம். மூன்று குரல்களைப் பெயர் சொல்லாமல் பதிவு செய்து அனுப்புங்கள், நாங்கள் தெரிவு செய்கிறோம் என்றது. மூன்றாவது குரலாக மன்ஃப்ரெட்டைச் சேர்க்கவைக்க நான் கெஞ்சியது எனக்கும் புது இயக்குநருக்கும் மட்டும் தெரியும். புது இயக்குநர் இளைஞர், நல்லவர், அவசரக்காரர்.

மன்ஃப்ரெட்டுக்கு அப்போது எழுபத்துநாலு. டப்பிங் அறைக்குள் கடைசியாகக் கால் வைத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. சட்டை மடிப்புக் கலையாமல், சவரம் செய்து, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்து நின்றார். இதுவும் போனால் இனிமேல் லிஃப்ட்தான் என்று இருவருக்கும் தெரியும். கொடுத்த காட்சி இதுதான். கிழவர் மகளிடம் சைக்கிளைக் கொடுத்து, "சைக்கிள் சரி. மழை வரமுதல் போ" என்கிறார். அவள் ஏறுகிறாள். நீண்ட இடைவெளி. பிறகு, "நாளைக்கும் வா" என்கிறார்.

மன்ஃப்ரெட் பேசினார். முதல் வசனம் பொன். இடைவெளியில் ஒரு பெருமூச்சு விட்டு, அடுத்ததை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். பொருந்தவில்லை. மறுபடி. மறுபடியும் பெருமூச்சு, மறுபடியும் முந்தல். ஐந்தாவது தடவை குரலும் கரகரக்கத் தொடங்கியது. மணி மூன்றரை. நாலு மணிக்குப் பதிவை அனுப்ப வேண்டும்.

இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, என் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கும்படி சொன்னார். "அக்கா, மூண்டாவது தடவை பேசினதை எடுப்பம். பெருமூச்சை வெட்டிப்போட்டுக் கடைசி வசனத்தைக் கொஞ்சம் பின்னாலை தள்ளிவிடுங்கோ. ரெண்டு நிமிச வேலை. ஆருக்கும் தெரியாது." அவர் அக்கா என்று சொல்லவில்லை, ஆனால் குரலில் அது இருந்தது.

எனக்கும் ஆசை வந்தது. பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன், கை மவுஸின் மேல் போய்விட்டது. என் நண்பருக்கு வேலை கிடைக்க வேண்டும். வெட்டித் தள்ளினால் அழகாகப் பொருந்தும், எனக்குத் தெரியும். ஆனால் திரையில் மாப்பிள்ளை சைக்கிள் கைப்பிடியைப் பிடித்தபடி நிறுத்தி வைத்த படத்தில் நின்றார். அந்த முகத்தைப் பார்த்தேன். உதட்டை அல்ல, முகத்தை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, மன்ஃப்ரெட் எங்கே பிழை விடுகிறார் என்று. குரல் கிழடாகவில்லை. அவர் இன்னும் அந்தப் பழைய இரண்டு படங்களையே திருத்திக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை எங்கே நின்றாலும், ஐயோ மறந்துவிட்டார், விழப்போகிறார் என்று ஓடிப்போய்த் தாங்குகிறார்.

நான் எழுந்து மைக்குக்குக் கிட்டப் போனேன். பதிவு நேரத்தில் அப்படி எழுந்து போவது எங்கள் தொழிலில் பெரிய குற்றம்.

"மன்ஃப்ரெட், வசனத்தை விடும். ஒருக்கா அவரைச் சும்மா கேளும்."

ஒலிப்பதிவாளரிடம் சொல்லி மாப்பிள்ளையின் மூல ஒலியை மட்டும் ஓடவிடச் செய்தேன். மன்ஃப்ரெட் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். காட்சி முடிந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"மூச்சு விடுறார்" என்றார்.

"ஓம்."

"அந்த இடைவெளியிலை. மறக்கேல்லை. வேணுமெண்டுதான் நிக்கிறார். வடிவா மூச்சு விட்டுக்கொண்டு நிக்கிறார்."

"ஓம். இப்ப அவராவே மூச்சு விடுறார். அவருக்காக நீர் விடத் தேவையில்லை."

மன்ஃப்ரெட் கைலேஞ்சி எடுத்து மூக்கைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். ஆறாவது தடவை பேசினார். சைக்கிள் சரி என்றார், மழை வரமுதல் போ என்றார், பிறகு ஒன்றும் செய்யாமல் நின்றார். இரண்டு கிழவர்களும் சும்மா நின்றார்கள். பிறகு, நாளைக்கும் வா. நான் கையை உயர்த்தும்போது மணி நாலுக்குப் பத்து.

அவரைத்தான் தெரிவு செய்தார்கள். அந்தச் செய்தி வந்த நாள் நான் ஒரு பெட்டி லட்டு வாங்கி ஸ்டூடியோ முழுக்கக் கொடுத்தேன். இந்தத் தடவை வெட்கப்பட ஒன்றும் இருக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் கையில் இருக்கிற இயந்திரங்கள் என்னுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமானவை. இப்போது நடிகரின் உதட்டையே ஜேர்மனுக்கு ஏற்றமாதிரி அசைக்கின்றனவாம். திருத்துங்கள், அதற்குத்தான் சம்பளம். ஆனால் திருத்த முதல், ஏன் பொருந்தவில்லை என்று ஒருதடவை கேளுங்கள். பொருந்தாமல் இருப்பதும் ஒரு செய்திதான். நான் அதை இரண்டு தடவை திருப்பி அனுப்பினவள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அந்தப் படம் இங்கே திரைக்கு வந்தபோது மாப்பிள்ளை பேர்லினுக்கு வந்தார். பேட்டிகளுக்கு நடுவில், இந்த நாட்டில் நானாக இருக்கிறவரை நான் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மன்ஃப்ரெட் உடனே எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஐம்பது வருடம் ஆங்கிலம் பேசும் வாயோடு வாழ்ந்தவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கோப்பி கேட்கத் தெரியாது. மொழிபெயர்க்க என் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட ஆங்கிலம் போதும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

எங்கள் ஸ்டூடியோக் கன்டீனில் சந்தித்தார்கள். மாப்பிள்ளை உள்ளே வந்தார், ஆள் திரையில் தெரிவதைவிடக் கட்டை. படம் பிடிக்க வந்தவரைக் கைகாட்டி வெளியே அனுப்பினார். இருவரும் கை கொடுத்துக்கொண்டு, விடாமல், ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வியாதி மற்றவர்களுக்கும் இருக்கிறது.

மாப்பிள்ளை தன் கதையை ஒளிக்கவில்லை. "முதல் குளிசை முதுகுக்கு. ரெண்டாவது, முதலாவது முடிஞ்சதுக்கு" என்றார். சுத்தமாக இருந்து பதினொரு வருடமாம். மன்ஃப்ரெட் என் கையைச் சுரண்டினார். "கேளும். அதைக் கேளும்." நான் கேட்டேன். நாங்கள் உங்களைத் திருத்தித் திருத்தி நல்லவராகக் காட்டியதால்தான் நீங்கள் இன்னும் விழுந்தீர்களா என்று, பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்பித்தேன்.

மாப்பிள்ளை மன்ஃப்ரெட்டைப் பார்த்தார். "விழுறதுக்கு எனக்கு ஒருத்தற்றை உதவியும் தேவைப்படேல்லை எண்டு சொல்லுங்கோ. அதிலை நான் கெட்டிக்காரன்."

நான் சொன்னேன். மன்ஃப்ரெட்டின் தோள் இரண்டும் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். இருபது வருடத்துக்கு மேலாக அவை மேலேதான் இருந்திருக்கின்றன, எனக்குத் தெரியாமல்.

"அந்த ரெண்டு படமும் எனக்கு ஞாபகத்திலை இல்லை" என்றார் மாப்பிள்ளை. "முழுசா இல்லை. ஒரே ஒரு இடம் தவிர. கப்பல் பார்த்துக்கொண்டு நிண்டன். வசனம் மறந்துபோச்சு. அது பரவாயில்லை, அது அடிக்கடி மறக்கும். அண்டைக்கு மூச்சும் வரேல்லை. எவ்வளவு இழுத்தும் வரேல்லை. செத்துப்போறன் எண்டு நினைச்சன். சுத்திவர நூறு பேர் நிண்டவை, ஒருத்தருக்கும் தெரியேல்லை. நல்லாச் செய்தீர் எண்டு கை தட்டினவை. அந்த இடத்திலை உங்கடை ஆள் என்ன கதைச்சவர்?"

நான் ஜேர்மனில் சொல்லி முடிப்பதற்குள் மன்ஃப்ரெட்டுக்கு விளங்கிவிட்டது. துறைமுகம் என்ற சொல் போதுமாக இருந்தது. ஆனாலும் முதலில் குறும்பு வந்துவிட்டது. "கன்டீனிலை உருளைக்கிழங்கு சூப் எண்டு சொன்னனான் எண்டு சொல்லும்" என்றார். சொன்னேன். மாப்பிள்ளை ஒரு கணம் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்கியபிறகு மன்ஃப்ரெட் மேசைமேல் சாய்ந்து, அவருடைய முகத்துக்கு நேரே, இருபத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால் மைக்கில் விட்ட அதே மூச்சை விட்டார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"நான் மூச்சு விடேல்லை எண்டு இவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

மன்ஃப்ரெட்டிடம் சொன்னேன். "தெரியும்தானே" என்றார் அவர். "அதுதான் நான் விட்டனான்."

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு உண்மையாகவே அந்தச் சூப் இருக்கிறதா என்று கேட்டார். நான் போய்ப் பார்த்தேன், இருந்தது. மூன்று கோப்பை வாங்கிவந்து வைத்தேன். ஆவி பறந்தது. இரண்டு கிழவர்களும் கரண்டியில் எடுத்து, வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், ஒரே நேரத்தில் உதட்டைக் குவித்து ஊதினார்கள். என் கை தானாக மேலே போய்விட்டது.

"பொருந்துது" என்றேன்.